போனவர் கையில் இன்னும் சாவி இருக்கிறது: தொழிற்பேட்டைச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பேட்டையில் முப்பது முப்பத்தைந்து யூனிட்டுகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். டேலி என்ற கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, பிரிண்டர் பேப்பரை மெல்லுகிறது, மெயில் போகவில்லை என்றால் உங்களில் பலர் கூப்பிடுவது என்னைத்தான். போன வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு மேனேஜரை (எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் மென்பொருள் பெட்டகத்தை) மொத்தமாக வாங்கினால் விலை குறையும், நான்கு மென்பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை இணைத்திருக்கிறோம், வரும் செயற்குழுவில் முடிவு என்று. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அட்டவணையில் நான்கு பெயர்களுக்கு நேராகவும் பச்சை டிக் டிக்காக இருக்கிறது, கடைசி வரியில் விலை. அப்படியென்றால் குறைந்த விலையை வாங்கிவிட்டுப் போகவேண்டியதுதானே, கூட்டம் எதற்கு?

அந்த அட்டவணையில் இல்லாத ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடக்கும்?

ஒரு யூனிட், பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் பார்த்த தம்பி ஆடி மாதம் வேலையை விட்டார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வேறு இடத்தில் சம்பளம் கூடக் கிடைத்தது, போனார். தை மாதம் ஆபீஸ் மெயிலில் இடம் தீர்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மெயில் எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர், முதலாளி போன், அப்புறம் அந்தத் தம்பியின் போன். ஆறு மாதமாக வந்த கொட்டேஷன், ஆர்டர், வாடிக்கையாளருக்குக் கொடுத்த தள்ளுபடி எல்லாம் அவர் பாக்கெட்டிலும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. போன் பண்ணினேன். "அட, எடுக்கவே மறந்துட்டனுங்கண்ணா" என்றார். நம்புகிறேன். அவர் இப்போது இருப்பது அதே பொருளைச் செய்யும் இன்னொரு யூனிட் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளியிடம், பாஸ்வேர்டை மாற்றிவிடுவோம் என்றேன். "மாத்தினா யார் யாருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டார். அந்த ஆபீசில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இது சின்ன இடத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் சில நாள் முடங்கிப்போனது. ஏறக்குறைய 8,850 கிலோமீட்டர் நீளக் குழாய் அது. உள்ளே புகுந்த ஹேக்கர்கள் வந்த வழி, யாரும் புழங்காமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு, அதாவது வெளியிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் வழி. அதற்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும்தான், ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு கிடையாது. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பணயமாகக் கட்டியது. அந்தக் கணக்கை மூடவேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போனதற்கான விலை அது.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். சுற்றறிக்கை இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. பாஸ்வேர்டைப் பத்திரமாக வைப்பது ஒன்று. யார் எதுவரை உள்ளே போகலாம் என்று வரையறுப்பது இன்னொன்று. முதலாவதற்குத்தான் நீங்கள் பணம் செலவழிக்கப் பார்க்கிறீர்கள். இரண்டாவது பெரும்பாலும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, காசில்லாமல். யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

சரக்கு வண்டி கிளம்பும் முன் ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் போடும் இ-வே பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் அதில் ஓடிபி கட்டாயம். ராத்திரி பத்தே முக்கால், லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது. டிரைவர் ரெண்டாவது டீயும் குடித்தாயிற்று. ஓடிபி முதலாளி போனுக்குப் போகிறது, முதலாளி கல்யாண வீட்டில். "அண்ணா, ஓடிபி வந்துதுங்களா?" என்று டிஸ்பாட்ச் பார்க்கும் பையன் நாலு நாள் இப்படிக் கூப்பிட்டால், ஐந்தாவது நாள் முதலாளி என்ன செய்கிறார்? பழைய போன் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு ஆபீஸ் மேசையில் வைத்துவிடுகிறார். அதே சிம்முக்குத்தான் பேங்க் ஓடிபியும் வருகிறது! இத்தனைக்கும் அந்த போர்ட்டலிலேயே துணைப் பயனர் உருவாக்க வழி இருக்கிறது. டிஸ்பாட்ச் பையனுக்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு, ஓடிபி அவர் போனுக்கே. பில் போடுவதை மட்டும் அனுமதிக்கலாம். அவர் வேலையை விட்டால் அந்த ஒரு பெயரை முடக்கினால் போதும். நான் போகும் யூனிட்டுகளில் இதைச் செய்திருப்பவர்கள் நாலே பேர்.

பேங்கிலும் இதே கதை. கம்பெனிக் கணக்குக்கு மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் தருகிறார்கள். ஒருவர் பணம் அனுப்பத் தயார்செய்வது, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவது. இரண்டு பாஸ்வேர்டும் அக்கவுண்டண்ட் கையில்தான் இருக்கும், மானிட்டர் அடியில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில். ஆடிட்டர் ஆபீஸ் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். கட்சிக்காரர்களின் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன்கள் ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஸ்டிக்கரில் பின் நம்பர். உங்கள் கையெழுத்து அது.

டேலியிலும் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரிலேயே உள்ளே போகிறார்கள். பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் பதிவாகவேண்டும், அதை அணைக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்ட விதி. தடம் பதிவாகத்தான் செய்யும். ஆனால் ஐந்து பேர் ஒரே பெயரில் வேலை செய்தால் அந்தப் பதிவில் எல்லாத் தப்பையும் செய்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவரே. அவர் யார் என்று ஆடிட்டர் கேட்டால் யாரைக் காட்டுவீர்கள்?

இவற்றையெல்லாம் செய்த பிறகும் பங்குபோட்டே ஆகவேண்டிய பாஸ்வேர்டுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பெரிய வாடிக்கையாளரின் வெண்டார் போர்ட்டல், கூரியர் கணக்கு, சிசிடிவி, வைஃபை ரூட்டர். இவற்றுக்குத்தான் பெட்டகம் வேண்டும். உங்கள் நான்கையும் நான் கேட்கும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்.

பிட்வார்டனில் கம்பெனி பாஸ்வேர்டுகளைத் தொகுப்பு தொகுப்பாகப் பிரித்து, யாருக்கு எந்தத் தொகுப்பு என்று கொடுக்கலாம். போகிறவரை ஒரு சொடுக்கில் நிறுத்தலாம். பாஸ்வேர்டுகள் கம்பெனியிடமே இருக்கும். யார் எப்போது எதைத் தொட்டார் என்ற பதிவும் உண்டு. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, விரும்பினால் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கவனம்: ஒருவர் தன் மாஸ்டர் பாஸ்வேர்டை (பெட்டகத்தையே திறக்கும் பாஸ்வேர்டை) மறந்துவிட்டால் நிர்வாகி மீட்டுக்கொடுக்கும் வசதி மேல்தட்டுத் திட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் டிக் அந்தத் திட்டத்துக்கு, விலை கீழ்த்தட்டுத் திட்டத்துக்கு.

ஒன்பாஸ்வேர்டு கனடா நிறுவனம், விலை கூடுதல். ஆனால் என் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. குறிப்பிட்ட ஓர் ஊழியர் எந்தெந்தப் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினார் என்று அறிக்கை எடுக்கலாம். அவர் போனபின் எதையெல்லாம் மாற்றவேண்டும் என்ற பட்டியல் அதிலேயே வந்துவிடும். தை மாதம் அந்த முதலாளி கையில் இல்லாதது இதுதான். மாஸ்டர் பாஸ்வேர்டோடு ஒவ்வொருவருக்கும் ஒரு நீளமான ரகசியச் சாவியும் உண்டு. அதை அச்செடுத்துப் பத்திரமாக வைக்கவேண்டும் என்பதுதான் நம் ஆட்களுக்குத் தலைவலி.

ஜோஹோ வால்ட் பற்றிச் சுற்றறிக்கையில் "நம்மூர்த் தயாரிப்பு" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சென்னை நிறுவனம்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் அதை வாங்க அது காரணம் ஆகாது. வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன: சொந்த பாஸ்வேர்டு வேறு, கம்பெனி பாஸ்வேர்டு வேறு என்று பிரித்து வைக்கிறது. போகிறவர் பெயரில் இருப்பதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஜோஹோ மெயில் வைத்திருக்கும் யூனிட்டுகள் பத்துக்கு மேல் உண்டு. அவர்களுக்குப் புதிதாகப் பழகவேண்டியது குறைவு.

நான்காவது, லாஸ்ட்பாஸ். அதை எடுத்துவிடுங்கள் என்று நேராகவே சொல்கிறேன். 2022இல் அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக நுழைந்து, வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதியையே அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில்தான், அதாவது நேராகப் படிக்கமுடியாத வடிவில்தான் இருந்தன. எந்தெந்தத் தளங்களில் கணக்கு என்ற முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுலபமாக வைத்திருந்தவர் நிலைமையை நீங்களே யோசியுங்கள். கம்பெனி பெயரோடு 123 சேர்த்து வைக்கும் ஊர் இது.

ஆள் ஒருவரே இருக்கும் லேத் பட்டறைகளுக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம். கீபாஸ்எக்ஸ்சி இலவசம், ஒரே ஒரு கோப்பு, அதன் பிரதி ஒரு பென் டிரைவில், முடிந்தது. இரண்டாவது ஆள் வந்துவிட்டால் அது சரிப்படாது. கோப்பைத் திறக்கத் தெரிந்தவருக்கு அதில் உள்ளது எல்லாமே தெரியும்.

அட்டவணையில் "பாஸ்வேர்டைக் காட்டாமலே பகிரலாம்" என்பதற்கு நான்கிலும் டிக் இருக்கிறது. இதில் ஏமாந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளி புள்ளியாக விழுந்தபின் பிரவுசரில் வலது சொடுக்குப் போட்டு, அந்தப் பக்கத்தின் நிரலில் ஒரு வார்த்தையை மாற்றினால் புள்ளிகள் எழுத்தாகிவிடும். பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணன் மகன் இதை அரை நிமிஷத்தில் செய்து காட்டினான். ஆகவே ஆள் போனால், அவர் தொட்ட பாஸ்வேர்டுகளை மாற்றித்தான் ஆகவேண்டும், எந்த மென்பொருளை வாங்கினாலும்.

அப்புறம், சுற்றறிக்கையில் இருக்கும் "30 நாளுக்கு ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்டு மாற்றுவது கட்டாயம்" என்ற வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். இப்படி நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தினால் சித்திரையில் முருகன்01, வைகாசியில் முருகன்02 என்றுதான் போகும். கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள், ஆள் போனால் மாற்றுங்கள்.

நான் கேட்பது இதுதான். செயற்குழுவில் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவர்களுடைய படக்காட்சி வேண்டாம். மூன்று பேரையும் (லாஸ்ட்பாஸை விட்டுவிட்டேன்) எல்லோர் முன்னாலும் ஒரு கற்பனை ஊழியரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு ஐந்து பாஸ்வேர்டைப் பகிரச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் கழித்து அவரை வேலையிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை சொடுக்கு ஆகிறது, எதை மாற்றவேண்டும் என்ற பட்டியல் வருகிறதா, அவர் போனில் திறந்திருந்தது நிற்கிறதா என்று நாமே பார்ப்போம். கற்பனை ஊழியராக என் பழைய போனோடு நான் வந்து உட்காருகிறேன், சம்பளம் வேண்டாம்.

கூட்டம் சங்கக் கட்டடத்தின் மாடியில் என்றால் அங்கே வைஃபை எட்டுவதில்லை, கீழ் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். ரூட்டர் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் முன்னாடியே விசாரித்து வையுங்கள். போன வருஷம் வேலையை விட்ட ஆபீஸ் பையனிடம்தான் இருக்கிறது என்று கேள்வி.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்