உன் கவுண்ட் வேறு, குழந்தையின் கவுண்ட் வேறு

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல் இருக்கிறது, காலேஜ் நாளில் வந்த நோயைப் புது டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றாய். சொல்லத்தான் வேண்டும், அதுவும் இந்த ஏழாம் மாதத்திலேயே. போனில் என்றால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு வந்த ஐ.டி.பி. என்பது தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகள், குறைந்துபோகும் நோய். அதில் உன் உடம்பே உன் தட்டணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கியது. அது ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரல் பிடித்து அழித்தது. மண்ணீரலை எடுத்ததும் கவுண்ட் ஏறிவிட்டது. அழிக்கும் இடம் போய்விட்டதே தவிர, எதிர்ப்பொருள் இன்னும் உன் ரத்தத்தில் இருக்கலாம். உனக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு மண்ணீரல் இருக்கிறதே!

உனக்கு டெட்டனஸ் ஊசி போட்டார்கள் அல்லவா? உன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையைக் காப்பாற்றும் என்பதற்காகத்தான். தட்டணுக்களைத் தாக்கும் இந்த எதிர்ப்பொருளும் அதே வழியில்தான் போகும். கடைசி மூன்று மாதங்களில் இன்னும் அதிகமாகப் போகும்.

1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற டாக்டர், இந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன. ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்பதை உயிரைப் பணயம் வைத்துக் காட்டினார். ரத்த வங்கியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டது, இன்றும் சிலிர்க்கிறது.

அந்த வேலையில் ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். தாய்க்கு உன்னைப் போலவே இந்த நோய் வந்து, கவுண்ட் சரியாகத்தான் இருந்தது. பிறந்த மறுநாள் குழந்தையின் நெஞ்சிலும் துணி இறுகிய இடுப்பிலும் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. குதிகாலில் குத்திய இடத்தில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தட்டணுக்கள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள், கவுண்ட் ஏறியது, நல்லபடியாக வீட்டுக்குப் போனது.

பயப்படாதே. ஐ.டி.பி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் கவுண்ட் 50,000-க்குக் கீழே போகிறது. தலைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவது நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. நீ இணையத்தில் படித்துவிட்டு அழுதாயே, அது வேறு நோய். அதில் தாய்க்கு எந்த நோயும் இருக்காது. அப்பா வழியில் குழந்தைக்கு வந்த தட்டணு அடையாளத்தைத் தாயின் ரத்தம் அந்நியமாக எண்ணித் தாக்கும். அதில்தான் ஆபத்து அதிகம்.

ஆனால் உன் கவுண்டை வைத்துக் குழந்தையின் கவுண்டைக் கணிக்க முடியாது. அதனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால், குழந்தையின் தலையை வேக்குவம், ஆயுதம் போட்டு இழுக்காமல் பிரசவம் பார்ப்பார்கள். இதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் கவுண்ட் பார்க்க வேண்டும். முடிவு தெரியும்வரை தொடையில் ஊசி போடுவதைத் தள்ளிவைக்கலாமா என்று கேள். முதல் கவுண்ட் நன்றாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதே. பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் பெரும்பாலும் இறங்கும். நம் ஊரில் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கு. சில வாரங்களில் எதிர்ப்பொருள் கரைந்துவிடும். தாய்ப்பாலை நிறுத்தாதே.

டெங்குவுக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச் சாறு தருகிறேன் என்று உன் மாமியார் சொன்னதாகச் சொன்னாய். வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடு. எதிர்ப்பொருளை அது ஒன்றும் செய்யாது. அவருக்குப் பழைய ஆபரேஷன் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறாய். மாப்பிள்ளைக்குத் தெரியும், அது போதும். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. எனக்கு என் பேரக்குழந்தை முக்கியம். இன்னொன்று, மண்ணீரல் இல்லாத உனக்குக் காய்ச்சல் வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதே.

ஆபரேஷன் ஆனபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் மேஜையில் வை. குழந்தை டாக்டருக்கும் ஒரு பிரதி கொடு. உன் டாக்டர் என்ன சொன்னார் என்று அன்று மாலையே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா