தெலாஜையும் கோயம்புத்தூர் தாயியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ரவேலின் 150ஆம் பிறந்த ஆண்டையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அவருடைய நண்பர்கள், மாணவர்கள் என்று வரும் இடத்தில் மோரிஸ் தெலாஜ் என்ற இசையமைப்பாளரின் பெயரைத் தேடினேன், இல்லை. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிட்டால் போகட்டும், தமிழில் எழுதும்போது விடக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தெலாஜ் 1879-ல் பாரிஸில் பிறந்தவர், 1961-ல் அங்கேயே இறந்தார். சின்ன வயதிலிருந்து இசையே கதி என்று இருந்தவர் அல்ல. கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா, அப்புறம் மீன் வியாபாரம், கொஞ்ச காலம் பட்டாளம், இருபது வயதுக்கு மேல்தான் இசை. அப்படி வந்தவரை ரவேல் மாணவராக ஏற்றுக்கொண்டார், அவர் பாடம் சொல்லிக்கொடுத்ததே சில பேருக்குத்தான். ரவேலும் நண்பர்களும் 'அபாஷ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள், பாரிஸ் தெருச் சண்டியர்களுக்கு அப்போதிருந்த பெயர் அது. அவர்கள் கூடும் இடம் ஓத்தேய் பகுதியில் தெலாஜ் வைத்திருந்த தனிக்கட்டடம், ராத்திரி எத்தனை மணிக்கு பியானோ வாசித்தாலும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள். ரவேல் தன் பியானோ தொகுப்பு ஒன்றின் கடைசிப் பகுதியான 'மணிகளின் பள்ளத்தாக்கை'யும், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் மூன்று ஜப்பானியப் பாடல்களில் முதல் பாட்டையும் இவருக்குத்தான் சமர்ப்பித்தார்கள்.

1912-ல் தெலாஜ் இந்தியா வந்தார். அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் 'நான்கு இந்துக் கவிதைகள்'. மெட்ராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர் என்று நான்கு பாட்டு, ஒரு பாடகி, பத்துக் கருவிகள். 1914 ஜனவரியில் பாரிஸில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது அதே மேடையில் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் கவிதைகளுக்கு ரவேல் இசையமைத்த பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்களும் இருந்தன. அந்த இரண்டையும் இன்றுவரை பேசுகிறார்கள், மூன்றாவது ஆளைத்தான் மறந்துவிட்டார்கள். அவர் எழுதியதும் கொஞ்சம், அதில் பாதிக்கு மேல் பாட்டு, சிம்பொனி என்று பெரிதாக எதுவும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 'ஏதோ கீழைநாட்டு மோகம்' என்று ஒதுக்கியதும் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். அது எனக்குச் சம்மதமில்லை.

லாகூர் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் செல்லோ தனியாக, விரலால் மீட்டியும் கம்பியில் இழுத்தும், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். சுர்பஹார் (சிதார் போன்ற, கனத்த குரலுள்ள வாத்தியம்) வித்வான் இம்தாத் கானின் ஜௌன்புரி ராக இசைத்தட்டைக் கேட்டு எழுதியது அது. கடைசியில் பாடகி வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் பாட வேண்டும், நம் காதுக்கு ஆலாபனை என்று உடனே பிடிபடும். பாம்பாட்டி மகுடியை ஊதிவிட்டு இதுதான் இந்தியா என்று சொல்லும் வேலை இதில் இல்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்ட ஒரு மனிதர் எழுதியது.

சரி, நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். அதே ஆண்டுகளில் அவர் 'ராகமாலிகா' என்று ஒன்று எழுதினார், குரலுக்கும் பியானோவுக்கும். அதற்கு ஆதாரம் கோயம்புத்தூர் தாயி பாடிய இசைத்தட்டு. பழனிக்குஞ்சரம் என்பது அவருடைய சொந்தப் பெயர், 1872-ல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், மெட்ராஸில் பெரிய பெயர் எடுத்தவர், 1917-லேயே போய்விட்டார். ஒரு பக்கம் மூன்று நிமிஷம் ஓடும் அந்தத் தட்டில் ராகம் மாறிக்கொண்டே போவதை ஒரு பாரிஸ்காரர் பியானோவுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். மிருதங்கத்துக்கு என்ன செய்வது? பியானோவின் கீழ்ப்பகுதியில் பி-ஃபிளாட் என்ற சுரத்துக்கான ஒரு கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லி ஸ்வரத்தாளிலேயே குறித்துவைத்தார்.

இதைப் படித்த அன்று சாயங்காலமே என் மகள் வாசிக்கும் பியானோவின் முன்பலகையைக் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தேன். பியானோவின் நடுவில் இருக்கும் சி என்ற சுரத்துக்குக் கீழே இரண்டாவதாக வரும் பி-ஃபிளாட். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்துச் செருகினேன். முதல் தடவை தளர்ந்துபோய் 'கிர்' என்று அதிர்ந்தது, இரண்டாக மடித்துச் செருகியதும் ரீங்காரம் நின்றது. சுருதி இருக்கிறது, ஆனால் நீளவில்லை, தும் என்று விழுந்து அடங்குகிறது. மிருதங்கத்தில் ரவை அப்பிய இடது பக்கமான தொப்பியைத் தட்டினால் வருமே, கிட்டத்தட்ட அது. சமையலறையிலிருந்து என் மனைவி "யார் மிருதங்கம் வாசிக்கிறது?" என்று கேட்டபடி வந்தாள். பியானோ கம்பிகளில் சாமான்களைச் செருகி வாசிப்பதை 1940 வாக்கில் அமெரிக்காவில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் தொடங்கினார் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே, ஒரு தமிழ்ப் பாட்டுக்குப் பின்னால் வந்த தாளத்துக்காக, தெலாஜ் அதை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒரு பெண்ணின் குரல் அதற்குக் காரணம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

'நான்கு இந்துக் கவிதைகளை' ஜேனட் பேக்கர் பாடியிருக்கிறார், டான் அப்ஷா பாடியிருக்கிறார், தேடினால் கிடைக்கும். தாயியின் பழைய தட்டுகள் சிலவும் இணையத்தில் ஏறியிருக்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வைத்து நான் எங்கும் கேட்டதில்லை. நீங்கள் தெலாஜைப் பற்றியும் தாயியைப் பற்றியும் ஒரு முழுக் கட்டுரை போடுங்கள். மார்கழியில் எத்தனையோ கச்சேரி நடத்தும் சபாக்கள் ஒரே ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி, முதலில் தட்டைப் போட்டுக் கேட்க வைத்து, உடனே மேடையில் ஒரு பாடகியும் ஒரு பியானோக்காரரும் 'ராகமாலிகா'வைத் தரலாம். பியானோ கெட்டுவிடும் என்று யாராவது தயங்கினால் சொல்லுங்கள், அட்டையை எடுக்க ஒரு நிமிஷம் போதும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. நானே செய்து பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்