மாணவர் போராட்டம்: கைதானவர்களின் எண்ணிக்கை மட்டும் செய்தியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கதேச மாணவர் எழுச்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூலையில் இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் தொடங்கி, ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியது வரை தேதி தவறாமல் எழுதியிருந்தீர்கள். 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்ற ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கணக்கும் அதில் இருந்தது. ஆனால் சுட்ட பிறகு ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள் என்பது கட்டுரையில் இல்லை. ஒரு வழக்கறிஞராக எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது.

ரங்பூரில் பேகம் ரொக்கேயா பல்கலைக்கழக மாணவர் அபு சயீத், ஜூலை 16 அன்று இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றபோது சுடப்பட்டார். உலகமே அந்த வீடியோவைப் பார்த்தது. அப்படியிருந்தும் போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரில், போராட்டக்காரர்கள் பல திசைகளிலிருந்து சுட்டார்கள், கல்லெறிந்தார்கள், அப்போது ஒரு மாணவர் கீழே விழுந்தார் என்றுதான் இருந்தது. சுமார் 14 மீட்டர் தூரத்திலிருந்து பெல்லட் துப்பாக்கியால் குறைந்தது இரண்டு முறை சுட்டிருக்கிறார்கள் என்பதை ஐ.நா. குழுவின் ஆய்வுதான் பின்னால் வெளியே கொண்டுவந்தது. வீடியோ இல்லாத சாவுகளில் அந்த எஃப்.ஐ.ஆரே வரலாறாகியிருக்கும்.

தென்கொரியாவிலும் இதேதான் நடந்தது. 1987 ஜனவரி 14 அன்று சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர் பாக் ஜோங்-சோல் விசாரணை அறையில் இறந்தார். மேஜையைத் தட்டினோம், ஆள் விழுந்து இறந்துவிட்டார் என்றது போலீஸ். உடலை அவசரமாக எரித்துவிடவும் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஓர் அரசு வழக்கறிஞர் மறுத்துவிட்டார். முதலில் அழைக்கப்பட்ட டாக்டர், அறைத் தரையில் தண்ணீர் கிடந்ததைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபோது தொட்டியின் விளிம்பு கழுத்தை அழுத்தி மூச்சு நின்றது பரிசோதனையில் தெரிந்தது. சாவை வெளியே சொன்னது மறுநாள் ஜூங்காங் நாளிதழில் வந்த ஒரு சின்னச் செய்தி. ஜூன் 9 அன்று யோன்செய் பல்கலைக்கழக மாணவர் லீ ஹான்-யோலின் தலையைக் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கியது. மேல்நோக்கிச் சாய்த்துச் சுட வேண்டிய குண்டு அது. ஆளைப் பார்த்து நேராகச் சுட்டால் மண்டையை உடைக்கும். ஜூன் 29 அன்று ஆட்சியாளர்கள் நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கினார்கள். லீ ஜூலை 5 அன்று இறந்தார். ஒரு டாக்டரும் ஓர் அரசு வழக்கறிஞரும் ஒரு நிருபரும் அவரவர் வேலையைச் செய்திருக்காவிட்டால் ஜனவரியிலேயே கோப்பு மூடப்பட்டிருக்கும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனுக்கு நடந்ததும் இதுவே. 1976 மார்ச் 1 அன்று விடுதியிலிருந்து பிடித்துப் போனார்கள். கக்கயம் போலீஸ் முகாமில் சித்திரவதையில் இறந்தார். கைது செய்ததாக எங்கும் பதிவில்லை. அடுத்த மாதமே, ஏப்ரல் 28 அன்று, காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. நெருக்கடி நிலை முடிந்த பிறகு 1977-இல்தான் தந்தை ஈச்சர வாரியரால் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

நாம் அப்படிப்பட்ட ஆட்சியில் இல்லை. கோர்ட் திறந்திருக்கிறது, பத்திரிகை எழுதலாம். 1965 ஜனவரி 25 அன்று மொழிப் போராட்டம் கலவரமாக வெடித்த ஊர் மதுரை. 2017-இல் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மாணவர்கள் திரண்டதும், செல்லூரில் ரயிலை மறித்ததும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் போராட்டம் என்றதும் முதலில் காணாமல் போவது இங்கேயும் காகிதம்தான். அதை நிருபர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் தடை உத்தரவு. ‘144 போட்டிருக்கு, கலைஞ்சு போங்க’ என்று வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. பழைய 144 இப்போது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 163ஆம் பிரிவு. அதில் எழுத்து மூலமான உத்தரவும் காரணமும் வேண்டும்; பொதுவாக 2 மாதத்துக்கு மேல் நிற்காது. மதுரை மாநகருக்குள் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவையும், வெளியே மாவட்டத்தில் 1861 காவல் சட்டத்தின் 30(2) பிரிவையும் காட்டுவார்கள். எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேட்டால் பல நேரங்களில் பதில் வராது. பதில் வரவில்லை என்பதே ஒரு செய்தி.

அடுத்தது கலைப்பது. பிஎன்எஸ்எஸ் 148-இன்படி நிர்வாக நடுவரோ ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஒருவரோ, முதலில் கலைந்து போகும்படி உத்தரவிட வேண்டும். அதன் பிறகும் கலையாவிட்டால்தான் பலம். மைக்கில் சொன்னார்களா, எத்தனை மணிக்குச் சொன்னார்கள், அதற்கும் முதல் தடியடிக்கும் இடையில் எத்தனை நிமிடம், வெளியேற வழி விட்டார்களா என்பதெல்லாம் செய்தியில் வர வேண்டும். ‘லேசான தடியடி’ என்று நீங்களே எழுதிவிடக் கூடாது.

பிறகு கல்யாண மண்டபம். காலையில் வேனில் ஏற்றி, சாயங்காலம் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் சட்டப்படி அது கைதா இல்லையா என்பது தொங்கலிலேயே நிற்கும். கைது என்றால் பிஎன்எஸ்எஸ் 36ஆம் பிரிவின்படி கைதுக் குறிப்பு வேண்டும்: தேதி, நேரம், குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து. காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லாத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதியாகச் சொன்னது. கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு ஆளைப் பிடித்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. மண்டபத்தில் உட்காரவைத்த மணிகளை விட்டுவிட்டு, இரவில் ஸ்டேஷனில் கைது செய்ததாக எழுதினால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று உங்கள் புகைப்படக்காரருக்குத் தெரியும். அந்த நேரத்தை அச்சிடுங்கள், போதும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். 18 வயது நிரம்பாத பிளஸ் 2, பாலிடெக்னிக் பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் கொண்டுபோக வேண்டும்.

காயம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. லத்தியடி பட்ட இடத்தில் இரண்டு சிவந்த கோடுகள் இணையாக ஓடும், நடுவில் தோல் வெளுத்திருக்கும். உருளையான தடியால் வேகமாக அடித்தால் வரும் அடையாளம் அது. கீழே விழுந்தால் அப்படி வராது. முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். சாட்சியம் அழியும் வேகமும் அதுதான். ஆகவே அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். என்ட்ரி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதிவது) போட வேண்டும். ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்லச் சொல்லிக் கூட வந்த போலீஸ் மிரட்டினாலும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முகம் தெரிய ஒன்று, காயம் மட்டும் ஒன்று, இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒன்று எடுக்க வேண்டும். கைதானவர் என்றால் 53ஆம் பிரிவின்படி மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அறிக்கையின் நகல் அவர் கைக்கு வர வேண்டும். அந்த நகலைக் கேட்பதே இல்லை, தருவதும் இல்லை. கண்ணீர்ப்புகை பட்டவர்கள் கண்ணைக் கசக்காமல், காற்று வரும் பக்கம் திரும்பி, சுத்தமான தண்ணீரால் கழுவினால் போதும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

ரிமாண்ட் செய்யும்போது மாஜிஸ்திரேட் ஆளை நேரில் பார்த்து, ‘அடித்தார்களா’ என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இது சடங்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் காட்டியது. அந்த ஸ்டேஷனில் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பதிவை 18 மாதமும், அதற்கு வழியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. பதிவைப் பத்திரப்படுத்தும்படி முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிவிட வேண்டும்.

இந்த வழக்கு மாணவரை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுவது), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது) இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தின் 189(2), 223. சிறிய பிரிவுகள்தான். ஆனால் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களுக்கு அதுவே போதும். காவலர் பணி விதி 14(பி)-யில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்றத்தில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அபராதம் கட்டி முடித்துக்கொள் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. அது குற்றத்தை ஒப்புக்கொள்வது. 188-இல் போலீஸ் தானே குற்றப்பத்திரிகை போட முடியாது, உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையே தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் காட்டி வழக்கையே ரத்து செய்யக் கேட்பதுதான் சரியான வழி.

எனவே அடுத்த முறை ‘மாணவர்கள் கைது, மாலையில் விடுவிப்பு’ என்று செய்தி போடும்போது, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், கைதுக் குறிப்பு கொடுத்தார்களா, ஏ.ஆர். போட்டவர்கள் எத்தனை பேர் என்ற விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். செய்தியின் கீழே இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐயும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்தால், பிள்ளையைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும் பெற்றோர் எங்கே போவதென்று தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
ஒத்தக்கடை, மதுரை.