"நடக்கிறானா"ன்னு மட்டும் கேக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சரி பசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தைக்குப் போனாலும் சரி, என் தம்பியப் பத்தி எல்லாரும் கேக்குறது ஒன்னே ஒன்னுதான், "இப்ப நடக்கிறானா?" நடக்கல. 12 வயசுல நின்னுபோச்சு, இப்ப அவனுக்கு 18. ஆனா அவன் கதை நடையோட முடிஞ்சிடலையே, அதான் எழுதுறேன்.

அவனுக்கு டுஷேன்னு ஒரு பரம்பரை தசை நோய். தசைய காப்பாத்துற டிஸ்ட்ரோஃபின்ங்கிற புரதம் உடம்புல உருவாகாது, தசை கொஞ்சங்கொஞ்சமா அழிஞ்சு கொழுப்பாகிடும். பெரும்பாலும் ஆம்பளப் புள்ளைங்களுக்குத்தான் வரும். சின்னதுல எங்க லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் அவன் கெண்டைக்காலப் பார்த்து "பந்து விளையாடுறவன் காலு"ன்னு பெருமையா சொல்வாங்க, அந்தப் புடைப்பே நோயோட அடையாளம்னு யாருக்குத் தெரியும். தரையிலேருந்து எந்திரிக்கும்போது முட்டியப் புடிச்சு தொடையப் புடிச்சு தன் உடம்பு மேலயே கைய ஊனி ஏறுவான். சோம்பேறின்னு பாட்டி திட்டும், பாவம் அதுக்கும் தெரியல.

9 வயசுல சக்கர நாற்காலி கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனோம். கவுண்டர்ல "நடந்துதானே வந்தான்"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நடந்தான், வாசல்லேருந்து கவுண்டர் வரைக்கும், அப்பா கையப் புடிச்சிக்கிட்டு. இது வருஷா வருஷம் மோசமாகுற நோய்னு டாக்டர் எழுதின கடுதாசி ஃபைல்லயே இருந்துச்சு, யாரும் பிரிச்சுப் பாக்கல. ஸ்டீராய்டு மாத்திரையால நடை கொஞ்ச காலம் தாங்குச்சு, மூஞ்சிதான் உப்பிப்போச்சு. அப்புறம் குளியலறையில விழுந்து தொடை எலும்பு உடைஞ்சுது, எலும்பு கூடிடுச்சு, நடை திரும்பி வரவே இல்ல.

அதுக்கப்புறம் கை. அதுலயும் தோள்பட்டைதான் மொதல்ல. 13ல தலை சீவ முடியல, சட்டைய தலைவழியா மாட்ட முடியல, அம்மா அவனோட டி-சர்ட் எல்லாத்தையும் முன்னாடி வெட்டி பட்டன் வச்சாங்க. 15ல சோத்த வாய்க்கு கொண்டுபோக கை எழும்பல. அப்பா என்ன செஞ்சாரு, ஒரு காலி மைலோ டின்ன மேசையில வச்சு அது மேல முழங்கைய ஊனிக்கச் சொன்னாரு. முழங்கை உசந்ததும் கரண்டி வாய்க்கு எட்டிடுச்சு! ஒரு வருஷத்துக்கு மேல யாரும் ஊட்டாம அந்த டின்ன வச்சே அவனா சாப்பிட்டான். இப்ப அதுவும் முடியல, ஆனா விரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு, போன் கேம்ல என்னய தினம் தோக்கடிக்கிறான்.

போன வருஷம் காலையில எந்திரிச்சாலே தலைவலின்னான், ராத்திரி பூரா போன் பாத்தா வலிக்காதான்னு நான்தான் கத்தினேன். அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது, மூச்சுவிடுற தசை பலமில்லாம தூக்கத்துல கரியமிலவாயு தேங்கிடுது, அதனால வந்த வலி. இப்ப மாஸ்க் போட்டு மூச்சு மெஷினோடதான் தூங்குறான், தலைவலி போயிடுச்சு. உங்க வீட்ல இந்த நோய் உள்ள புள்ள இருந்தா காலையில தலைவலிக்குதான்னு கேளுங்க. இதயமும் தசைதான், எக்கோங்கிற இதய ஸ்கேன தள்ளிப்போடாதீங்க.

அம்மாவ குத்தம் சொல்ற சொந்தக்காரங்களுக்கும் ஒன்னு சொல்லிக்கிறேன், ஏறக்குறைய மூனுல ஒரு பங்கு கேஸ் அம்மாகிட்டேருந்து வராம புதுசாவே வருது. எங்க அம்மாகிட்டேருந்து வந்ததுன்னே வச்சுக்கோங்க, அவங்க கேட்டா வாங்கிக்கிட்டாங்க? அப்படி வந்திருந்தா எனக்கும் அந்த ஜீன் இருக்க பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு, டெஸ்ட் எடுக்கணும், இன்னும் தைரியம் வரல.

மாற்றுத்திறனாளிங்களுக்கு மலேசியாவுல குடுக்கிற ஓகேயூ கார்டுல இருக்கிறது 'உடல்'ங்கிற ஒரே வகைதான், அது மாறாது. அவன் உடம்பு மாறிக்கிட்டே இருக்கு. அதனால அடுத்த தடவ எங்களப் பார்த்தா "இப்ப எதெல்லாம் நீயே செய்ற?"ன்னு கேளுங்க, அவன்கிட்டயே கேளுங்க, அவன் முன்னாடியே என்கிட்ட கேக்காதீங்க. தே (டீ) வாங்கிக் குடுத்தா மறக்காம ஸ்ட்ரா போட்டுக் குடுங்க, கொஞ்சம் ஆறவச்சு.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
சுங்கை சிப்புட்