டெங்குவும் பிளேட்லெட் எண்ணிக்கையும்: ஆய்வுகள் சொல்வதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் டெங்குச் செய்திகளும் வரத் தொடங்கிவிடும். சென்ற வாரம் அப்படி வந்த செய்தி ஒன்றில், காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவருக்கு, ரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்களான பிளேட்லெட் 22 ஆயிரமாகக் குறைந்துவிட்டதாகவும், உறவினர்கள் இரவோடு இரவாக அலைந்து கொடையாளர்களைத் திரட்டி அவரைக் காப்பாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மாணவர் நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. ஆனால் அவரைக் காப்பாற்றியவை அந்த பிளேட்லெட் பைகள்தாம் என்று செய்தி எழுதப்பட்டிருந்த விதம், 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் பிளேட்லெட் எண்ணிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்தலாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டுகிறேன்.

2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவியபோது நான் திருநெல்வேலி மாவட்டத்தில் பணியில் இருந்தேன். செல் கவுண்டர் இயந்திரம் அடிக்கடி படுத்துவிடும். அப்போதெல்லாம் பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதுதான். ரத்தத்தை அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் கலந்து, கட்டங்கள் வரைந்த கண்ணாடி அறையில் ஒரு துளி விட்டு, ஈரப் பஞ்சு வைத்த மூடிய தட்டுக்குள் இருபது நிமிடம் வைத்துவிட்டு, பிறகு நுண்ணோக்கியில் ஒவ்வொரு கட்டமாக எண்ணுவோம். பிளேட்லெட்டுகள் தூசியைப் போல மினுங்கும்; தூசி எது, பிளேட்லெட் எது என்று கண் பழக வேண்டும். ஒரே ரத்தத்தை இருவர் எண்ணினால் இரண்டு விடை வரும். இயந்திரமும் தவறாதது இல்லை. குழாயில் இருக்கும் உறையாமை மருந்தினால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், உண்மையில் ஒரு லட்சம் இருப்பவருக்கு 30 ஆயிரம் என்று அச்சடித்துத் தரும். கண்ணாடித் தகட்டில் பூச்சு எடுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். காலையில் 28 ஆயிரம், மாலையில் 24 ஆயிரம் என்றால் குடும்பமே ஆய்வக வாசலில் வந்து நின்று அழும். அந்த நாலாயிரம் நோயின் போக்கா, எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கமா என்று எண்ணியவனுக்கே தெரியாது.

அதே வாசலில் நின்று ஒருவர்கூட என்னிடம் கேட்காத எண் ஒன்று உண்டு. அது பி.சி.வி. எனப்படும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, சுழலியில் ஐந்து நிமிடம் சுற்றி, அட்டையில் வைத்துப் படித்தால் தெரிந்துவிடும். செலவு சில ரூபாய். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தம் கொட்டுவதல்ல. ரத்த நாளங்களின் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நுரையீரல் உறையிலும் கசிந்துவிடுவதுதான். நீர் வெளியேறினால் எஞ்சிய ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இந்தக் கசிவு தொடங்கி, ஒன்று முதல் இரண்டு நாட்கள் நீடிக்கிறது. ‘காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்’ என்று பெற்றோர் நிம்மதி அடையும் அதே வேளை அது. பிள்ளைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, கை கால் சில்லிடுதல் ஆகியவை இருந்தால், பிளேட்லெட் 90 ஆயிரமாக இருந்தாலும் ஆபத்து. இவை எதுவும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 25 ஆயிரம் என்பது பெரும்பாலும் கடந்துபோகும் எண்.

இது என் சொந்தக் கருத்து என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள ஐந்து மருத்துவமனைகளில் இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பிளேட்லெட் 20 ஆயிரமோ அதற்கும் கீழோ இறங்கிய, ஆனால் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிகள் 372 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு பிளேட்லெட் ஏற்றுவது, யாருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்குவதைப் போல முடிவு செய்தார்கள். ஏற்றப்பட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கும், ஏற்றப்படாதவர்களில் 26 சதவீதத்தினருக்கும் ரத்தக்கசிவு ஏற்பட்டது. தற்செயலாகவே நேரக்கூடிய இந்த வேறுபாட்டை வைத்து, ஏற்றுவதால் பயன் உண்டு என்று சொல்ல முடியவில்லை. பாதகமான விளைவுகளோ ஏற்றிய பிரிவில் 13, ஏற்றாத பிரிவில் 2. உண்மையாகவே ரத்தம் கொட்டுகிறவருக்கு ஏற்ற வேண்டாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. எண்ணிக்கை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றுவதைத்தான் அது கேள்விக்குள்ளாக்கியது. பிளேட்லெட் பையை அறை வெப்பநிலையில், ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதை ரத்த வங்கியில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். தேவையற்ற ஒருவருக்கு நள்ளிரவில் நான்கு பைகள் போனால், மறுநாள் புற்றுநோய்ப் பிரிவில் உள்ள குழந்தைக்கு இல்லாமல் போகும்.

இந்த முடிவு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பப்பாளி இலைச் சாறு மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றியும் ஆய்வு இல்லாமல் இல்லை. மலேசியாவில் 228 நோயாளிகளிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், சாறு குடித்தவர்களுக்கு இரண்டு நாட்களுக்குள் பிளேட்லெட் கூடுதலாக உயர்ந்ததாகச் சொல்லப்பட்டது. அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது எதை என்று பாருங்கள். மறுபடியும் அதே எண்ணைத்தான். எண்ணை உயர்த்தி நோயாளியைக் காக்காமல் போக முடியும் என்பதை அறிந்த பிறகு, ரத்த அழுத்தம் விழுந்து ‘அதிர்ச்சி’ (ஷாக்) நிலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், உயிரிழந்தவர்கள் எத்தனை பேர் என்று அளக்கும் ஆய்வுதான் நமக்கு வேண்டும். நிலவேம்புக் குடிநீருக்கும் இது பொருந்தும். அரசே ஊர் ஊராகக் காய்ச்சி ஊற்றிய ஒரு கஷாயத்தை ஆயிரக்கணக்கான பேரிடம் முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்க நம்மைவிடத் தகுதியான மாநிலம் எது? நிலவேம்பை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் வீட்டிலும் குடித்திருக்கிறோம், இன்றும் அதன் கசப்பு நாக்கில் இருக்கிறது.

முறையான ஆய்வு ஒன்று நோயாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு வியட்நாமைச் சொல்லலாம். ஹோ சி மின் நகரில் டெங்கு அதிர்ச்சியுடன் வந்த 512 குழந்தைகளிடம், எந்தத் திரவத்தை ஏற்றினால் நல்லது என்று ஒப்பிட்டார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. மிதமான அதிர்ச்சியில் இருந்த 383 குழந்தைகளுக்கு, விலை உயர்ந்த டெக்ஸ்ட்ரான், ஸ்டார்ச் கரைசல்களுக்கு இணையாக சாதாரண உப்புக் கரைசலான ரிங்கர் லாக்டேட்டே போதும் என்று தெரிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில்கூட இருக்கும் அதே ‘ஆர்.எல்.’ பாட்டில்தான். அந்த 512 பேரில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. அதே நகரில் 225 இளம் நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், டெங்குவின் சிக்கல்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நம் ஊர்களில் காய்ச்சல் என்று போனால் முதல் நாளே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

பிளேட்லெட் மோகத்தால் விளையும் இன்னொரு கெடுதல், டெங்கு அல்லாத காய்ச்சல்கள் கண்ணில் படாமல் போவது. பிளேட்லெட் குறைவது டெங்குவுக்கு மட்டும் உரியதன்று. மலேரியாவிலும் குறையும், எலிக்காய்ச்சலிலும் குறையும், ஸ்க்ரப் டைஃபஸிலும் குறையும். என் உறவுக்காரப் பெண் ஒருவர், வயலில் களை எடுக்கப் போகிறவர், ஒன்பது நாள் காய்ச்சலுடன் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். டெங்குப் பரிசோதனை இரண்டு முறையும் இல்லை என்றே வந்தது. எண்ணிக்கை 40 ஆயிரம் என்பதால் ‘டெங்குவாகத்தான் இருக்கும்’ என்று சொல்லி, கொடையாளரைத் தேடச் சொன்னார்கள். வேறோர் இடத்துக்கு மாற்றியபோது, பணியில் இருந்த செவிலியர் உடை மாற்றிவிடும் வேளையில் அக்குளில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கருகிய புண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்பும், புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சியின் இளம்புழு கடித்த இடம் அது. டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அது ஒரு சாதாரண, மலிவான மருந்து. அந்தப் புண் வலிக்காது. அதனால் நோயாளியே அதை அறிவதில்லை.

இந்த ஸ்க்ரப் டைஃபஸ் விஷயத்தில் உலகுக்கே வழிகாட்டிய ஆய்வு நம் மாநிலத்திலிருந்து வந்தது என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுடன் வந்த 794 பேரிடம் டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று நாளம் வழியே கொடுத்து ஒப்பிட்டது. இறப்பும் சிக்கல்களும் சேர்ந்த கணக்கில், ஒற்றை மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதமாக இருந்த பாதிப்பு, இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதமாகக் குறைந்தது. 2023-இல் இது வெளிவந்தது. புதிய மருந்து எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து முறையாகக் கணக்கு வைத்தார்கள், அவ்வளவே. இந்தப் பாரம்பரியமும் நமக்குப் புதிதன்று. காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்துவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலத்தில், சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்துக் குடிசைகளில் இருந்த ஏழை நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்து ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் அதே அளவுக்குப் பலன் தரும் என்று 1959-இல் காட்டியது. அதன் பிறகுதான் பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது.

ஆகவே டெங்குவுக்கு நம்மால் முடியாது என்பதற்கில்லை. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017, 2018-இல் நாடு முழுவதும் ரத்த மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோது, தென்னிந்தியாவில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 76.9 சதவீதத்தினர் ஏற்கெனவே ஒருமுறையாவது டெங்குத் தொற்றுக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. தடுப்பூசிக்கான மூன்றாம் கட்ட ஆய்வும் 10,335 பேரைச் சேர்க்கும் திட்டத்துடன் 2024 ஆகஸ்டில் இந்தியாவில் தொடங்கியது. பிலிப்பைன்ஸில் 2016-இல் பள்ளிப் பிள்ளைகள் எட்டு லட்சம் பேருக்கும் மேல் ஒரு டெங்குத் தடுப்பூசி போட்ட பிறகு, அதுவரை டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று 2017-இல் தெரியவந்து திட்டமே நின்றுபோனதை நினைத்தால், தடுப்பூசி போட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது ஏன் என்பது விளங்கும்.

குறை இருப்பது மாவட்ட அளவில். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் காய்ச்சல் பிரிவு நிரம்பி வழிகிறது. கட்டிலுக்கு இருவர் படுத்த நாட்களையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு மருத்துவர் ஒரு விதமாகத் திரவம் ஏற்றுகிறார், அடுத்த வாரப் பணி மருத்துவர் வேறு விதமாக ஏற்றுகிறார்; எந்த விதத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், டெங்கு பரவிய காலத்துப் பதிவேடுகள், நாள்தோறும் பி.சி.வி.யும் பிளேட்லெட்டும் வரிசையாக எழுதப்பட்டவை, இடம் அடைக்கிறது என்று கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எடைக்கு எடை காசு வந்தது என்று நினைக்கிறேன். அந்த நோயாளிகளிடம் முன்கூட்டியே விளக்கி, கையெழுத்து வாங்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஓர் ஒப்பீட்டு ஆய்வாகச் செய்திருந்தால் இன்று நம்மிடம் ஒரு விடை இருந்திருக்கும்.

இந்த இடத்தில் தங்கள் இதழின் மீதும் ஒரு வருத்தம் உண்டு. மருத்துவ ஆய்வு என்றாலே ‘சோதனை எலிகளா நோயாளிகள்?’ என்று தலைப்பிடும் வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு இருக்கிறது. சம்மதம் பெறாமல் நடக்கும் ஆய்வுகளைத் தோலுரிக்கத்தான் வேண்டும். அதற்கு அந்தத் தலைப்பு தகும். முறையாக நடக்கும் ஆய்வில் சேர்ந்தவரை நாள்தோறும் ஒருவர் வந்து பார்க்கிறார், நாடி பிடித்து எழுதுகிறார், வீடு திரும்பிய பின்னும் விசாரிக்கிறார். எந்த நேரமும் விலகிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. இரண்டையும் ஒரே தலைப்புக்குள் அடைத்தால், அடுத்த முறை ஒரு மருத்துவர் சம்மதப் படிவத்துடன் கட்டிலருகே போகும்போது நோயாளியின் மகன் அதைக் கிழித்துத்தான் போடுவார்.

என் வேண்டுகோள் இரண்டு. இனி டெங்குச் செய்தியில் பிளேட்லெட் எண்ணிக்கையை எழுதினால், அதன் அருகிலேயே நோயாளியின் பி.சி.வி. எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, காய்ச்சல் விட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதுமாறு செய்தியாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன். மாவட்ட மருத்துவமனைகளில் இந்தப் பருவத்தில் டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் தொடர்பாக ஏதேனும் ஒப்பீட்டு ஆய்வு நடக்கிறதா, நடக்கவில்லை என்றால் ஏன் என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு, வரும் பதிலை வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன். பி.சி.வி. குழாயின் படமோ, கருகிய புண் எங்கெங்கே இருக்கும் என்ற விளக்கமோ தேவைப்பட்டால், என் பழைய குறிப்பேட்டில் கையால் வரைந்தவை இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தென்காசி மாவட்டம்.