பிரிண்டரில் தொடங்கிய சண்டை

மண்டபம்,
ஐப்பசி அடைமழை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம், நிரல் வரிகளை ஊருக்கே திறந்து வைக்கும் கட்டற்ற மென்பொருளைத் தூக்கிப்பிடிக்கிறேன் என்று என்னை வைதிருக்கிறாய், மீதியில் நிரலைப் பூட்டிவைத்து விற்கும் உன் கம்பெனியின் பெருமை. படித்து முடித்ததும் கல்லூரி விடுதி மொட்டைமாடிக்கே போய்விட்டேன்.

வாடை பிடித்துவிட்டது. வடகடல் கொந்தளிக்கிறது, தென்கடல் குளம்போல் கிடக்கிறது. மழையில் வெளியே போக வழியில்லை, அதனால் உனக்கு முழுதாகப் பதில் எழுத நேரம் இருக்கிறது.

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எங்கள் கட்டற்ற மென்பொருளான எக்ஸ்இசட்டுக்குள் கள்ளக்கதவு வைத்தவனைக் காட்டிக்கொடுத்தது மைக்ரோசாஃப்ட் சம்பளம் வாங்கும் ஆள்தானே என்று குத்தியிருக்கிறாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கும்பிட வேண்டிய மனிதர். எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று எவன் கவலைப்படுவான்? நானாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் நிரல் எல்லாம் திறந்து கிடந்ததால்தானே அவரால் கிளறிப் பார்க்க முடிந்தது? உன் கம்பெனி சரக்கில் அரை விநாடி தாமதம் என்றால், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வேண்டியதுதான்.

இன்னொன்றை நீ வசதியாக விட்டுவிட்டாய். எக்ஸ்இசட்டை வருடக்கணக்கில் ஒற்றை ஆளாக, காசு வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் சோர்ந்துபோன நேரம் பார்த்துத்தான் அந்தத் திருடன் ஒத்தாசைக்கு வருவதுபோல் உள்ளே வந்தான். இங்கே கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. அங்கேயோ மீனை லாரி லாரியாக ஏற்றிப் போனவை உன் மாதிரிக் கம்பெனிகள். கிழிந்த வலையைத் தைக்க ஒரே ஒரு மனிதர். இதில் பெருமை வேறு!

அதுவும் எந்தக் கம்பெனியின் பெருமை? 2001இல் எங்கள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்றவர் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை அதிகாரி பால்மர். 2016இல் அதே கம்பெனி, லினக்ஸை வளர்க்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. 2018இல் 750 கோடி டாலருக்கு, கட்டற்ற நிரல்கள் குவிந்து கிடக்கும் கிட்ஹப் தளத்தையே வாங்கியது. வாய்க்கால் தகராறில் முகம் பார்க்காத பங்காளி, கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த கதைதான்.

அது கிடக்கட்டும். ஐஸ் கம்பெனி அண்ணனைத் தெரியுமில்லையா? கணக்கெழுத ஒரு மென்பொருள் வைத்திருந்தார் (யாருடையது என்று கேட்காதே, உன் முகம் சுருங்கும்). சந்தா முடிந்த அன்றைக்கே திரை பூட்டிக்கொண்டது. எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார், யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் உள்ளே. நான் குதித்தேன். அண்ணன் அசரவே இல்லை. "நம்ம கடற்கரை முன்பணம் மாதிரிதானே தம்பி" என்றார். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் மீனை அவரிடம்தான் போட வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். வெண்டர் லாக்-இன் என்று நீ இருபது ஸ்லைடு ஓட்டுவாயே, அவ்வளவும் ஒரு வரியில் முடிந்தது.

கடைசியாக ஒரு மாதச் சந்தா கட்டி, கணக்கை வெளியே எடுத்து, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும் லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் போட்டுக் கொடுத்தேன். "எவ்வளவுப்பா?" என்றார். இலவசம் என்றேன். "எந்தக் கட்சி கொடுக்குது?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்று ஒரே சொல்தான். அது சுதந்திரம், ஓசி இல்லை என்று விளக்கியே, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மனுக்குத் தாடி நரைத்தது. நமக்குக் கட்டற்ற என்றும் இலவசம் என்றும் தனித்தனியாக இருக்கிறது. போதாதென்று மடிக்கணினி கொடுத்த அரசாங்கம் 'விலையில்லா' என்று ஒன்றையும் சேர்த்தது. அண்ணனிடம் மூன்றும் செல்லவில்லை. "ஓசின்னு சொல்லு" என்றார்.

எல்லாம் ஓடியது, பிரிண்டரைத் தவிர. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. 1980 வாக்கில் ஸ்டால்மன் வேலை பார்த்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு ஸெராக்ஸ் கொடுத்த பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. அதைச் சரிக்கட்ட ஸ்டால்மன் மூலநிரல் கேட்க, வைத்திருந்தவர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடுப்பு உள்ளேயே கிடந்து, 1983இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டமாக வெடித்தது. நாற்பது வருடம் கழித்து அதே குனு கலந்த டெபியனை மண்டபத்தில் போட்டால், மக்கர் பண்ணுவது பிரிண்டர்!

ரசீது அடிக்க வேண்டுமானால் பென்டிரைவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, மழையில் நனைந்து என் வீட்டுக்கு ஓடி வருகிறேன். மனைவியின் மடிக்கணினியில் அடித்துக்கொண்டு திரும்பப் போகிறேன். அதில் என்ன இயங்குதளம் என்று மட்டும் கேட்காதே.

தை பிறந்ததும் வா. கணவாய் வாங்கி வைக்கிறேன். வரும்போது அந்தப் பிரிண்டரை ஓட்ட ஒரு டிரைவர் நிரல் எழுதிக்கொண்டு வா, மூலநிரலோடு.

இப்படிக்கு,
உன் ஓசி மாப்ள