777 கொடுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையப் படிவத்தில் வரும் விவரங்களை பிஎச்பி நிரல் மூலம் சர்வரில் உரைக் கோப்பாகச் சேமிப்பது பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை புதியவர்களுக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் ‘கோப்பு எழுதப்படாவிட்டால் ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுங்கள்’ என்ற வரி ஆபத்தானது.

777 என்றால் அந்த சர்வரில் கணக்குள்ள எவரும் அங்கே எழுதலாம், அழிக்கலாம். ஃபோல்டர் வெப் ரூட்டுக்குள், அதாவது பிரவுசரில் திறக்கக்கூடிய தளக் கோப்புகள் உள்ள இடத்துக்குள் இருந்தால் இன்னும் மோசம். யாரோ ஒருவர் பிஎச்பி கோப்பு ஒன்றை உள்ளே போட்டு, பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் சர்வர் அதை இயக்கிவிடும். படிவத்தில் வந்த தொலைபேசி எண்களையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் சிக்கல் உரிமையாளர் யார் என்பதில்தான். உபுண்டு லினக்ஸில் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ (www-data) என்ற பயனராக ஓடுகிறது. நாம் உருவாக்கிய ஃபோல்டரோ நம் பெயரில் இருக்கிறது. வெப் ரூட்டுக்கு வெளியே தனி ஃபோல்டர் வைத்து, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் (chown) கட்டளையால் அதை அந்தப் பயனருக்கு மாற்றி, 750 அனுமதி (உரிமையாளர் எழுதலாம், அவர் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை) கொடுத்தால் போதும். பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஹோஸ்டிங்கில் பிஎச்பி பெரும்பாலும் நம் கணக்கிலேயே ஓடும் என்பதால் மாற்ற வேண்டியதே இருக்காது. அங்கே 777 வைத்தால் சில அமைப்புகளில் ‘500’ என்ற சர்வர் பிழைதான் வரும்.

777 கொடுத்தும் எழுதாத இடங்களும் உண்டு. உபுண்டு 21.04 முதல், புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடுதான் உருவாகிறது; அப்பாச்சியால் அதற்குள் நுழைய முடியாது. வாசற்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்து வைத்து என்ன பயன்? ரெட் ஹேட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு தடுக்கும். ஃபோல்டருக்கு எழுதும் உரிமையுள்ள லேபிளைக் கொடுக்க வேண்டுமே தவிர, எஸ்இலினக்ஸையே அணைத்துவிடக் கூடாது. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரில் எழுதிவிட்டுக் கோப்பைக் காணோம் என்று தேடுபவர்களும் உண்டு. உபுண்டுவில் அப்பாச்சிக்கென்று தனி டெம்ப் ஃபோல்டரை, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி ஒதுக்கிவிடுவதால் வரும் குழப்பம் அது.

கட்டுரை தொடாத இன்னொன்று, ஒரே நேரத்தில் இருவர் படிவத்தை அனுப்பும்போது நடப்பது. பிஎச்பியில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனில் (fopen), எழுதுவதற்கான ‘டபிள்யூ’ முறை கோப்பைத் திறந்த கணமே காலி செய்துவிடும். அதன்பின், ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தும் பூட்டுப் போட்டுப் பயனில்லை. வரி சேர்ப்பதென்றால் கோப்பில் எழுதும் ஃபைல்-புட்-கன்டென்ட்ஸில் (file_put_contents) அப்பெண்ட் (கடைசியில் சேர்), லாக் (பூட்டு) ஆகிய இரண்டு குறிகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முழுக் கோப்பையும் மாற்றுவதென்றால் அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்துப் பெயரை மாற்றுவதே சரி. படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். இப்படித் தற்காலிகக் கோப்பு தரும் டெம்ப்நேம் (tempnam) உருவாக்கும் கோப்புக்கு 600 அனுமதிதான் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கும். வேறு பயனரின் நிரல் அதைப் படிக்க வேண்டுமானால் பெயர் மாற்றுமுன் அனுமதியைத் திருத்துங்கள். எழுதிய பைட் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். டிஸ்க் நிரம்பினால் கோப்பு பாதியில் நின்றுவிடும்.

தமிழில் எழுதும்போது இந்த எண்ணிக்கை பலரைக் குழப்புகிறது. ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), 15 பைட். பைட் கணக்கில் வெட்டினால் கேள்விக்குறிக் கட்டங்கள் வரும். குறியீட்டுக் கணக்கில் நான்கோடு வெட்டினாலும் புள்ளி போய் ‘தமிழ’ என்றாகும். பிஎச்பியின் இன்டில் (intl) நீட்சியிலுள்ள கிராஃபீம் (grapheme) செயற்கூறுகள்தான் எழுத்தை எழுத்தாக எண்ணுகின்றன.

பயனர் தட்டும் பெயரையே கோப்பின் பெயராக வைக்கவும் கட்டுரை சொல்கிறது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் கலந்து கொடுத்தால் கோப்பு வேறு ஃபோல்டரில் போய் விழும். பெயரை நிரலே உருவாக்கட்டும்.

கட்டுரையைப் படித்தவர்கள் இதற்குள் 777 கொடுத்திருக்கக்கூடும். ஆகவே அடுத்த வாரப் பக்கத்தில் திருத்தம் வெளியிட்டு, 777 உள்ள ஃபோல்டர்களை 750க்கோ 755க்கோ மாற்றும்படியும், தாங்கள் போடாத பிஎச்பி கோப்பு ஏதும் அங்கே கிடக்கிறதா என்று பார்க்கும்படியும் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோவை.